உல்லாசப் பயணத்துக்கு உகந்த கார்

"இதனால் சகல பொதுமக்களுக்கும் அறியத் தருவது யாதெனில், பூவரசடிச் சந்தி வாடகைக் கார் உரிமையாளர் நலன்புரிச் சங்கமானது, தனது யாப்பின் நாலாம் பிரிவுக்கு அமைய, எதிர்வரும் வார இறுதியில் நடைபெறவிருக்கும் கடற்கரை உல்லாசப் பயணத்துக்கென முதல்தர உல்லாசக் கார் ஒன்றைத் தெரிவுசெய்ய இருக்கின்றது. சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த இந் நிகழ்வுக்கு அனைவரும் திரண்டு வருமாறு..."

அறிவித்தல் சைக்கிளில் வந்தது. ஒலிபெருக்கிக்குப் பற்றரி இல்லாதபடியால், சங்கத்தின் செயலாளர் பஞ்சலிங்கம் தகரத்தில் செய்த புனல் ஒன்றை ஒரு கையிலும் ஹாண்டிலை மறு கையிலும் பிடித்திருந்தார். ஷெல் விழுந்த பள்ளம் வரும்போது அறிவித்தலை நிறுத்தினார். பள்ளம் தாண்டியதும் விட்ட சொல்லில் இருந்து தொடர்ந்தார். 'சங்கம்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்த சிலர் கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சவர்க்காரம் வந்துவிட்டதாக்கும் என்று பையும் கூப்பனுமாக ஓடிப்போய், ஏமாந்து திரும்பினார்கள்.

குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்டு அது மூன்றாவது வருஷம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உசுப்பினால், கார் இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிறகு மனமில்லாமல் புறப்படும். மண்ணெண்ணெயும் தடைதான். ஜாம் போத்தலுக்குள் ஒரு விரற்கடை எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் குடும்பம் முழுதும் சாப்பிட்டு எழும்பும். கடற்கரையில் பாதி இராணுவத்தால் மூடிக்கிடந்தது. மீதிப் பாதிக்கு வானத்தில் இருந்து குண்டு போடும் பொம்பர் வந்து போனது. இந்த நிலைமையில் வாரத்துக்கு இறுதி என்று ஒன்று இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது.

இந்த உல்லாசத்தைத் தொடக்கிவைத்தவர் பேதுரு. அவர் உல்லாசம் கேட்கவில்லை. கார் கேட்டார்.

பேதுரு மயிலிட்டிக் கடலில் தொழில் செய்தவர். சண்டை வந்து ஊர் எழும்பியபோது வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு, என்ஜினைத் தோளிலும் ஒரு கான் மண்ணெண்ணெயைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு, மனைவி யசிந்தாவோடு நடந்து நீர்வேலிக்கு வந்தார். ஒரு வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் கொட்டில் போட்டு இருந்தார்கள். கானை மூடியிறுக்கிச் சாக்கால் சுற்றி வைத்திருந்தார். விளக்குக்குக் கூட அதில் ஒரு சொட்டு எடுக்க விடவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகிற அன்று முதன்முதலாகக் கடலில் இறங்குவதற்கான எண்ணெய் அது.

பிறகு யசிந்தாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆசுபத்திரியில் பார்த்துவிட்டு, "இனி இவவை வீட்டை கொண்டு போங்கோ" என்றார்கள். வீடு மயிலிட்டியில் இருந்தது. அங்கே போக ஒருவருக்கும் அனுமதி இல்லை. ஆகவே வாழைத்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"இஞ்சரப்பா," என்றாள் யசிந்தா ஒருநாள். "இந்த வாழையிலை அடிச்சுக்கொள்ற சத்தம் இருக்கெல்லே, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தா அலை மாதிரித்தான் கேக்குது. கண்ணைத் திறந்தாத்தான் கரைச்சல்."

"உமக்கு என்ன வேணும்? சொல்லும்."

"ஒருக்காக் கடலைப் பாக்கவேணும். காலை நனைச்சாக் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

சைக்கிளில் அவளை வைத்துக் கொண்டுபோக முடியாது. உழவு மெசின் பெட்டியில் ஏற்றினால் குலுக்கலிலேயே முடிந்துவிடுவாள். படுத்துக்கொண்டு போகக் கூடிய பின் ஆசனமுள்ள கார் ஒன்று வேண்டும். பேதுரு பூவரசடிச் சந்திக்குப் போனார்.

சங்கத்தின் கொட்டகையில் தலைவர் சிவசுப்பிரமணியமும் செயலாளரும் பொருளாளரும் இருந்தார்கள். பேதுரு வாசலில் நின்றார். வாங்குப் பலகையில் இடம் இருந்தது. இருக்கச் சொல்ல மூவரும் மறந்துபோனார்கள். கரையோரத்து ஆட்கள் வந்தால் அவர்களுக்கு இந்த மறதி வழமை.

"என்ன விஷயம்?" என்றார் தலைவர்.

"ஒரு கார் வேணும் ஐயா. மனிசியைக் கொண்டுபோக."

"ஆசுபத்திரிக்கோ?"

"இல்லை ஐயா."

"கலியாண வீடோ?"

"இல்லை."

தலைவர் குரலை மரியாதையாக இறக்கினார். "செத்தவீடோ?"

"இன்னும் இல்லை ஐயா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சங்கம் கார் விடுவது இந்த மூன்று காரியங்களுக்குத்தான்.

"அப்ப எங்கை போறீர்?"

"கடலுக்கு. பாக்க."

"எதைப் பாக்க?"

"கடலைத்தான் ஐயா."

செயலாளர் பஞ்சலிங்கம் இளகிய மனசுக்காரர். பேதுருவைக் கையைக் காட்டிக் கிட்டக் கூப்பிட்டு, மெல்ல வழி சொல்லிக் கொடுத்தார். "இஞ்சை பாரும், பருத்தித்துறை ஆசுபத்திரிக்கெண்டு சொல்லும். இப்பவே விடலாம். போற வழியிலை கடல் கிடக்கும். நீர் பாக்கிறதை ஆர் தடுக்கிறது?"

பேதுரு தலையை ஆட்டினார். "ஆசுபத்திரியாலை விட்டிட்டினம் ஐயா. கடலுக்குப் போகேக்கை எங்கடை ஆக்கள் பொய் சொல்லிப்போட்டு வெளிக்கிடாயினம். பொய் சொன்னவையைக் கடல் கரைக்குத் திருப்பி விட்டதில்லை."

அந்த ஒரு உண்மை அவருக்கு எவ்வளவு செலவு வைக்கப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தலைவர் யாப்பைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு, எழுந்து நின்று வாசித்தார். நாலாம் பிரிவு: உல்லாசப் பயணம். அப்படி ஒன்று இருந்தது. சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போன காலத்தில் எழுதியது. உல்லாசப் பயணத்துக்குச் சாதாரணக் கார் விடக்கூடாது. தெரிவுக்குழு ஒன்று முதல்தரக் காரைத் தெரிவுசெய்யவேண்டும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

தலைவருக்குக் கண் கலங்கியது. "பாத்தீரே பஞ்சலிங்கம்? எங்களுக்குச் சவர்க்காரத்தைத் தடை செய்யலாம். தீப்பெட்டியைத் தடை செய்யலாம். எங்கடை உல்லாசத்தை ஆராலும் தடை செய்ய ஏலாது. உலகத்துக்கு இதைக் காட்டவேணும்."

"ஐயா," என்றார் பேதுரு, "உலகத்துக்குக் காட்டாட்டிலும் பரவாயில்லை. அவவுக்குக் காட்டினாக் காணும். எந்தக் கார் எண்டாலும் சரி."

"எந்தக் கார் எண்டாலும் எண்டு சொல்லக்கூடாது. பிறகு சங்கம் என்னத்துக்கு?" என்றார் தலைவர். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். "ஒரு குறைதான். எண்ணெய். சங்கத்திட்டை இல்லை."

"என்னட்டை ஒரு கான் கிடக்கு ஐயா."

மூவருக்கும் ஒரே நேரத்தில் மறதி தெளிந்தது. பேதுருவை வாங்கில் இருக்கச் சொன்னார்கள். பின்னேரம் அவர் கானைக் கொண்டுவந்தபோது அதற்குக் கதிரை போட்டார்கள்.

தெரிவு விழா வியாழக்கிழமை நடந்தது. கொட்டகைக்கு முன்னால் மூன்று கார்கள் மாவிலை கட்டிக்கொண்டு நின்றன. தெரிவுக்குழுவில் மூன்று பேர்: தலைவர், செயலாளர், பொருளாளர். கார்கள் மூன்றும் அவர்களுடையவைதான். சங்கத்துக்கு நீண்டகாலமாக வேறு அங்கத்தவர் இல்லை. இதனால் பக்கச்சார்புக்கு இடமில்லை என்று தலைவர் தொடக்கவுரையில் தெளிவுபடுத்தினார்.

முதலில் பொருளாளர் தன்னுடைய மொறிஸ் மைனரைப் பற்றிப் பேசினார். "இந்தக் காரிலை ஏறிப்போன கலியாணப் பொம்பிளை ஒருத்தியும் பிறகு தாய் வீட்டுக்குத் திரும்பி வந்து இருந்ததில்லை. அப்பிடியான ராசி."

அடுத்து செயலாளரின் மொறிஸ் ஒக்ஸ்போட். "எழுபத்து நாலாம் ஆண்டு ஒரு மந்திரி இந்தக் காரிலைதான் ஏற இருந்தவர். கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கடைசி நேரத்திலை வேறை காரிலை ஏறிப்போட்டார். ஆனா அவர் ஏற இருந்த இடம் இதுதான்." ஆசனத்தின் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். சனங்கள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே பிரம்புப் பின்னல் பிய்ந்திருந்தது.

மூன்றாவது தலைவரின் கறுப்பு ஒஸ்ரின். ஓட்டி கதிரவேலு அதற்குத் தேங்காயெண்ணெய் பூசி மினுக்கியிருந்தார். சனத்துக்குள் இருந்து ஒருவர், "உது செத்தவீட்டுக்கு ஓடுற காரெல்லோ?" என்றார்.

தலைவர் கோபப்படவில்லை. "செத்தவரும் பிரயாணிதான், தம்பி. இதிலை படுத்துக்கொண்டு போனவை ஒருத்தரும் இண்டைவரைக்கும் சங்கத்துக்கு முறைப்பாடு செய்யேல்லை."

நோயாளி படுத்துப் போகவேண்டும் என்பதால் படுக்கைச் சோதனை தேவைப்பட்டது. என்ஜின் ஓடும்போது அதிர்வு எப்படி என்று அறிய, கானில் இருந்து எண்ணெய் ஊற்றி ஒஸ்ரினை உசுப்பிவிட்டார்கள். தலைவர் செருப்பைக் கழற்றி, பின் ஆசனத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்து, கண்களை மூடினார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

பேதுரு செயலாளரின் காதுக்குள் குனிந்தார். "ஐயா, என்ஜினை நிப்பாட்டலாமோ? எண்ணெய் போகுது."

"பொறும். தலைவர் உல்லாசத்திலை இருக்கிறார். இடையிலை குழப்பினாச் சோதனை பிழைச்சுப்போகும்."

அப்போது இராணுவ ஹெலிகொப்டர் ஒன்று தாழ்வாக வந்தது. சனங்கள் வாழைகளுக்குள் சிதறினார்கள். சங்கத்தாருக்குப் பதுங்குகுழி இருந்தது. அதற்குள் அவர்கள் பதவி வரிசைப்படி இறங்கினார்கள்: விழித்தெழுந்த தலைவர், செயலாளர், பொருளாளர். பேதுருவுக்கு இடம் வரவில்லை. அவர் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு வாழையின் அடியில் கிடந்தார். ஹெலி வட்டமடித்துப் போகும்வரை ஒஸ்ரின் தனியே நின்று ஓடிக்கொண்டிருந்தது.

வாக்கெடுப்பில் ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு வாக்குக் கிடைத்தது. தலைவர் தனது தீர்க்கும் வாக்கை நெடுநேரம் யோசித்து ஒஸ்ரினுக்கு அளித்தார். வெடி கொளுத்த வசதி இல்லாதபடியால் ஒரு வெற்றுப் பீப்பாவை அடித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் யசிந்தா பூசைக்கு உடுக்கும் சீலையை உடுத்திருந்தாள். அவளுடைய தங்கை ஸ்ரெல்லா தலையிழுத்துக் கொண்டை போட்டுவிட்டாள். கொட்டிலுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பில் ஒரு கதிரை வைத்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து, அவளை இருத்தினார்கள். கால்கள் வீங்கியிருந்தன. அவள் செருப்புப் போட மறுத்துவிட்டாள்.

"கடற்கரைக்கு ஆரும் செருப்போடை போவினமோ?"

கார் வந்தது. நெற்றியில் மாலை. முன்னால் கதிரவேலுவும் தலைவரும். பின்னால் செயலாளரும் பொருளாளரும் பொருளாளரின் மனைவியும். கார் நின்றது. தலைவர் கண்ணாடியை இறக்கினார்.

"பேதுரு, இண்டைக்குப் பரீட்சார்த்தப் பயணம். குழு முதலிலை போய் ரோட்டையும் கடலையும் பார்வையிடவேணும். கடல் சரியோ பிழையோ எண்டு தெரியாமல் ஒரு நோயாளியைக் கொண்டுபோகலாமோ? நாளைக்கு ஏதும் எண்டாச் சங்கமெல்லோ பதில் சொல்லவேணும்."

"ஐயா, அவ வெளிக்கிட்டு இருக்கிறா. காலமையில் இருந்து." பேதுரு காருக்குள் பார்த்தார். "ஒராள் இறங்கினா..."

"ஆர் இறங்கிறது? எல்லாரும் குழு. இவ," என்று பொருளாளரின் மனைவியைக் காட்டி, "பெண்களின்ரை பக்கத்தாலை அபிப்பிராயம் சொல்ல வாறா. பெண் ஒருத்தியின்ரை பயணத்துக்குப் பெண் ஒருத்தி இல்லாமல் போனா ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

ஸ்ரெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "கடல் சரியோ எண்டு எங்களிட்டைக் கேட்டாச் சொல்லமாட்டமோ? கடலிலை பிறந்த ஆக்களுக்கு வாழைத்தோட்டத்து ஆக்கள் பாத்துச் சொல்லப்போகினமாம்."

"விடடி," என்றாள் யசிந்தா. "ஐயா போட்டு வாங்கோ. கவனமாப் போங்கோ. வல்லைவெளியிலை காத்துக் கூட."

காரின் புகை அடங்கும்வரை அவள் ஒழுங்கை முகப்பிலேயே இருந்தாள். பிறகு பேதுரு அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தூக்குவதற்கு அவளில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

குழு பொழுதுபடத் திரும்பியது. நேரே கொட்டிலுக்கே வந்தார்கள். பயணத்தின் பலனை உரியவரிடம் நேரில் தெரிவிப்பதுதான் முறை என்று தலைவர் சொன்னார். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"கடல் இருக்கிறது. நல்ல நிலைமையிலை இருக்கிறது. அலை திருப்தி. காத்துத் திருப்தி. மணல் கொஞ்சம் சூடு, அதைக் கவனத்திலை எடுத்திருக்கிறம். காரின்ரை பின் ஆசனம் எங்கள் மூண்டு பேருக்கும் சௌகரியமாய் இருந்தது."

பொருளாளரின் மனைவி ஒரு பார்சலை நீட்டினாள். "பருத்தித்துறை வடை, பிள்ளை. உமக்கெண்டுதான் வாங்கினது. கொஞ்சம் வழியிலை சாப்பிட்டிட்டம்."

யசிந்தா தலையைத் திருப்பித் தலைவரைப் பார்த்தாள். "ஐயா, சோளகக் காத்து முறிஞ்சிட்டுதோ? வாடைக் காத்துப் பிறந்திட்டுதோ?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். "அது குழுவுக்குச் சொல்லப்பட்ட விஷயங்களிலை இல்லை" என்றார் செயலாளர்.

"தண்ணி என்ன நிறமாக் கிடந்தது?"

"கடல் நிறம்" என்றார் தலைவர்.

அவர் முழங்கால் வரை இறங்கி நின்றிருக்கிறார் போலும். வேட்டிக் கரை இன்னும் ஈரமாக, மணல் ஒட்டியபடி இருந்தது. யசிந்தா படுத்த இடத்தில் இருந்து கையை நீட்டி, அந்தக் கரையைப் பிடித்தாள். தலைவர் திடுக்கிட்டு ஒரு அடி பின்வாங்கப் பார்த்தார். அவள் விடவில்லை. கசக்கிப் பார்த்தாள். விரலை மூக்கில் வைத்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

"வாடை இன்னும் பிடிக்கேல்லை" என்றாள். "தண்ணி தெளிவாத்தான் கிடக்கும். இந்த நேரம் எங்கடை கரையிலை சாளை மீன் படும்."

தலைவர் மெல்ல வேட்டியை விடுவித்துக்கொண்டார்.

"ஐயா," என்றார் பேதுரு, "அப்ப நாளைக்குப் போவமோ?"

தலைவர் கதிரவேலுவைப் பார்த்தார். கதிரவேலு நிலத்தைப் பார்த்தார். "கான் முடிஞ்சுது அண்ணை" என்றார் பேதுருவிடம். "வரேக்கை ஆவரங்காலிலை ஒருக்கா நிண்டுபோச்சு. கடைசி எண்ணெயை விட்டுத்தான் கொண்டுவந்து சேர்த்தனான்."

"ஒண்டும் யோசியாதையும்," என்றார் தலைவர். "கார் தெரிவு செய்தாச்சு. அதுதான் கஷ்டமான பகுதி. எண்ணெய் கிடைச்சவுடனை அடுத்த சனிக்கிழமை. சங்கம் வாக்குத் தந்தாத் தந்ததுதான்."

அவர்கள் போன பிறகு பேதுரு வடைப் பார்சலைப் பிரித்தார். யசிந்தா ஒன்றைக் கையில் வாங்கி வைத்திருந்தாள். சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை வருவதற்கு முன், ஒரு மத்தியானம், வாழையிலைகள் அடித்துக்கொண்டிருந்தபோது யசிந்தா கண்ணை மூடினாள். பிறகு திறக்கவில்லை.

ஸ்ரெல்லா சைக்கிளில் சந்திக்குப் போய்ச் சொன்னாள். அவள் திரும்பி வருவதற்குள் ஒஸ்ரின் வந்து ஒழுங்கை முகப்பில் நின்றது. தெரிவு இல்லை, குழு இல்லை, வாக்கெடுப்பு இல்லை. செத்தவீட்டுப் பிரிவு யாப்பிலேயே மிகவும் திறமாக எழுதப்பட்ட பிரிவு. கதிரவேலு எண்ணெய்த் தாங்கியை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்.

பேதுரு காரைச் சுற்றிவந்து, தாங்கி மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எண்ணெய் எங்காலை?"

"சங்கத்தின்ரை" என்றார் கதிரவேலு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலைவர் கிட்ட வந்து பேதுருவின் தோளில் கை வைத்தார். இதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை. "அது செத்தவீட்டுக்கெண்டு ஒதுக்கி வைச்சது, பேதுரு. உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு அதிலை தொட ஏலாது. யாப்பு அப்பிடி."

"பருத்தித்துறைப் பக்கத்தாலை ஒருக்காச் சுத்திக்கொண்டு போகலாமோ ஐயா? கரையிலை ஒரு நிமிஷம் நிப்பாட்டினாக் காணும்."

"செத்தவீட்டுப் பயணம் நேர்வழியாலைதான். சுத்தினால் உல்லாசம் எண்டாகிப்போம்."

பிறகு தலைவர் முற்றத்தில் நின்று இரங்கலுரை ஆற்றினார். "அமரர் யசிந்தா எங்கடை சங்கத்தின்ரை உல்லாசப் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தவ. அவவின்ரை ஆசையை நாங்கள் குறைவில்லாமல் நிறைவேற்றிப்போட்டம். கார் தெரிவு செய்தம். கடலுக்குப் போனம். கடலைப் பாத்தம். காலையும் நனைச்சம். அவ வரேல்லை, அவ்வளவுதான்."

அடக்கம் செய்யும் சேமக்காலை பக்கத்தில்தான். நேர்வழியால் போய், நேர்வழியால் திரும்பினார்கள்.

பொழுது சாயத் தொடங்கியது. செபம் சொல்ல வரும் சனத்துக்கு வெளிச்சம் வேண்டும். ஜாம் போத்தல் விளக்குக்குள் திரி மட்டும் காய்ந்துபோய்க் கிடந்தது. ஸ்ரெல்லா அதை ஆட்டிப் பார்த்தாள்.

"அத்தான், அந்தக் கான் சங்கத்தடியிலைதானே? எப்பிடியும் அடியிலை கொஞ்சம் கிடக்கும். கவிழ்த்துப் பிடிச்சா ஒரு விளக்குக்குக் காணும்."

பேதுரு சந்திக்குப் போனார். கான் கொட்டகையில், அதே கதிரையில் இருந்தது. செயலாளர் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்திருந்தார்கள்.